பிரெஞ்சு பிரஸ் காபி: அழுத்துவதற்கு முன்னால்

பிரெஞ்சு பிரஸ் என்பது, காபித்தூளை வெந்நீரில் ஊறவிட்டு, மூடியில் செருகிய கம்பியால் ஒரு வலையை அழுத்தித் தூளை ஒதுக்கும் பாத்திரம். அது வீட்டுக்கு வந்த முதல் நாள் நான் செய்தது இதுதான். டப்பாவில் இருந்த ஃபில்டர் காபித்தூளை, சிக்கரி கலந்ததை, நாலு ஸ்பூன் தாராளமாகப் போட்டேன். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன். மூடியைப் போட்டு உடனே அழுத்த ஆரம்பித்தேன். பாதியில் கம்பி நகர மறுத்தது. எழுந்து நின்று உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தியதும் பாத்திரத்தின் மூக்கு வழியாகக் காபி பீய்ச்சிக்கொண்டு போய், சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் அடுத்த ஒரு வாரத்து ராகு காலத்தையும் நனைத்துவிட்டது. கையில் படாமல் தப்பித்தது என் நல்ல நேரம். மிச்சத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்தால் வாய் முழுக்க மண்டி.

இரண்டு மாதம் அது அலமாரியில் கிடந்தது. அப்புறம் எடுத்து, ஒவ்வொரு தப்பாகத் திருத்திக்கொண்டு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெயரில் ‘பிரஸ்’ இருப்பதால் அழுத்துவதுதான் முக்கியமான வேலை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது கடைசி வேலை. சொல்லப்போனால் முழுசாகச் செய்யவே தேவையில்லாத வேலை. காபியின் ருசி அதற்கு முன்பே, தூள் அரைத்த விதத்திலும் ஊறவிட்ட நேரத்திலும் முடிவாகிவிடுகிறது.

ஃபில்டர் வேறு, இது வேறு

நம்ம ஊர் பித்தளை ஃபில்டரிலோ எவர்சில்வர் ஃபில்டரிலோ தண்ணீர் தூளின் ஊடாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குகிறது. தூள் நைசாக இருந்தால்தான் தண்ணீர் நின்று நிதானமாக இறங்கும். சிக்கரி ஈரத்தைப் பிடித்துவைத்து இன்னும் மெதுவாக்கும். கெட்டியான டிகாஷன் கிடைப்பதன் ரகசியம் அதுதான்.

பிரெஞ்சு பிரஸ்ஸில் எதுவும் இறங்குவதில்லை. தூள் முழுக்கத் தண்ணீரில் ஊறுகிறது. ஊறி முடிந்ததும் ஒரு கம்பி வலை தூளை ஓரம்கட்டுகிறது, அவ்வளவுதான். ஃபில்டருக்கு அரைத்த நைஸ் தூளை இதில் போட்டால் ஒரு பாதி வலையை அடைத்துக்கொள்ளும், மறுபாதி வலைக்குள் புகுந்து டம்ளருக்கு வரும். என் காலண்டருக்கு நேர்ந்தது அதனால்தான்.

வலையில் காகிதம் இல்லாததால் காபிக்கொட்டையின் எண்ணெய்ப் பசையும் கண்ணுக்குத் தெரியாத துகள்களும் காபியிலேயே தங்கிவிடும். நாக்கில் ஒரு கனம் தெரிவது இதனால்தான். பால் இல்லாமலே ‘திக்’காக இருக்கும். கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: அந்த எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது, அது ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றும். காகித வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும், கம்பி வலை பிடிக்காது. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினம் நாலு கப் இதில் குடிப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பெயர் பிரெஞ்சுதான் என்றாலும், இன்றைய வடிவத்துக்கு 1929-இல் காப்புரிமை வாங்கியவர்கள் மிலான் நகரத்து இத்தாலியர்கள், அத்திலியோ கலிமானியும் ஜூலியோ மொனேட்டாவும். 1958-இல் ஃபலியேரோ பொந்தனினி அதை மேலும் திருத்தி இன்னொரு காப்புரிமை வாங்கினார். அந்த வடிவம்தான் பிரான்ஸில் தயாராகி வீடு வீடாகப் போனது. இங்கிலாந்தில் இதே பாத்திரத்துக்கு ‘கஃபெட்டியேர்’ என்று பெயர், ஆஸ்திரேலியாவில் ‘பிளஞ்சர்’.

எதை வாங்குவது

கடையில் ‘3 கப்’, ‘8 கப்’ என்று போட்டிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். அது சின்னஞ்சிறு ஐரோப்பியக் கப் கணக்கு. 3 கப் என்றால் சுமார் 350 மி.லி., ஒரு ஆளுக்குச் சரி. 8 கப் என்றால் 1 லிட்டர். இரண்டு பேர் குடிக்க 500 அல்லது 600 மி.லி. அளவு தோதாக இருக்கும். பெரிசாக வாங்கிப் பாதி நிரப்பிக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம், சீக்கிரம் ஆறிவிடும்.

கண்ணாடியா, எவர்சில்வரா? உள்ளே நடப்பதைப் பார்க்க முடிவதால் பழகுகிறவர்களுக்குக் கண்ணாடி நல்லது. ஆனால் அது உடைகிற பொருள். பெரும்பாலும் அடுப்பில் உடைவதில்லை, கழுவும்போது குழாயில் இடித்து உடைகிறது. நான் அப்படி இரண்டு உடைத்திருக்கிறேன். இப்போது என்னிடம் இருப்பது இரட்டைச் சுவர் எவர்சில்வர். எது வாங்கினாலும் கடையிலேயே கம்பியை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். வலையின் விளிம்பு சுற்றிலும் பாத்திரத்தை ஒட்டி உரச வேண்டும். ஓரிடத்தில் இடைவெளி தெரிந்தாலும் தூள் அந்த வழியாக வந்துவிடும்.

தூள்தான் பாதி காபி

காபி அரைத்துத் தரும் கடைக்குப் போய் நான் கேட்டதும் அங்கே நடந்ததும் இது:

“ஃபில்டருக்குத்தானே சார்?”

“இல்லண்ணே, வேற ஒண்ணுக்கு. பிளாண்டேஷன் ஏ கால் கிலோ. சிக்கரி வேண்டாம். ரவை மாதிரி கரகரன்னு அரைச்சுக் குடுங்க.”

“இப்படி அரைச்சா டிகாஷனே இறங்காதே சார். வெறும் தண்ணி மாதிரி ஓடிடும்.”

அவர் சொன்னது ஃபில்டருக்கு நூற்றுக்கு நூறு சரி. நமக்கு இறங்கவே வேண்டாம், ஊறினால் போதும். விளக்கிச் சொன்னதும் மெஷினின் திருகை நகர்த்தி அரைத்துக் கொடுத்தார். ஒரு சின்ன யோசனை: முதலில் விழுகிற ஒரு கைப்பிடித் தூளைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். முந்தின ஆளுக்கு அரைத்த நைஸ் தூள் மெஷினுக்குள் மிச்சம் இருக்கும்.

எவ்வளவு கரகரப்பு? உப்புமா செய்யும் பம்பாய் ரவையைவிடக் கொஞ்சம் பெரிசு, சம்பா கோதுமை ரவையைவிடக் கொஞ்சம் சின்னது. விரலிடுக்கில் தேய்த்தால் மணல் போல உருள வேண்டும், மாவு போல ஒட்டக் கூடாது. ஆங்கில வீடியோக்களில் ‘கடல் உப்பு மாதிரி’ என்று சொல்வதைக் கேட்டு நம்ம கல் உப்பை மனசில் வைத்து அரைத்துவிடாதீர்கள். அந்த அளவுக்குப் பெரிசாக இருந்தால் காபி சப்பென்றுதான் இருக்கும்.

வீட்டில் அரைக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. அரைத்த தூளின் வாசனை சில நாளிலேயே இறங்கிவிடும். கொட்டையாக இருந்தால் வறுத்த தேதியிலிருந்து ஒரு மாதம்வரை நன்றாகவே இருக்கும். கையால் சுற்றும் பர் கிரைண்டர் (பற்களுக்கு நடுவே கொட்டையை நசுக்கி அரைப்பது) ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்கு அரைக்க ஓரிரு நிமிஷம் ஆகும். மிக்ஸி அவ்வளவு தோதில்லை. பிளேடு கொட்டையை நசுக்காமல் வெட்டிப் போடுவதால் ஒரே ஜாரில் பாதி மாவும் பாதி உடைசலுமாக வரும். மிக்ஸிதான் இருக்கிறது என்றால், சின்ன ஜாரில் இரண்டு இரண்டு விநாடியாக விட்டு விட்டு ஓட்டி, நடுவில் ஜாரைக் குலுக்கி, கடைசியில் நைஸ் சல்லடையில் சலித்து, கீழே விழும் மாவை எடுத்துவிடுங்கள். அந்த மாவை வீணாக்க வேண்டாம், ஃபில்டரில் போட்டுக்கொள்ளலாம்.

எந்தக் கொட்டை என்பது அவரவர் நாக்கு. பால் இல்லாமல் குடிக்க அராபிகா. கடை பாஷையில் பிளாண்டேஷன் ஏ, அல்லது பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் உருண்டையாக ஒரே விதை இருக்கும் பீபெரி. பால் ஊற்றிக் குடிப்பவர்கள் கால் பங்கு ரோபஸ்டா சேர்த்தால் பாலையும் தாண்டிக் காபி தெரியும். ரோபஸ்டாவில் காஃபின் அராபிகாவைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்பதை மட்டும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலை, பழனி மலைச் சரிவுகள், குடகு, சிக்மகளூர் என்று தோட்டத்தின் பெயரோடும் வறுத்த தேதியோடும் இப்போது பாக்கெட் கிடைக்கிறது. ரொம்பக் கறுப்பாக, எண்ணெய் மினுமினுக்க வறுத்ததைவிட நடுத்தரமாக வறுத்தது பிரஸ்ஸுக்கு நன்றாக வரும். வறுத்த அன்றே போடவும் வேண்டாம். உள்ளே இருக்கும் வாயு வெளியேற நாலைந்து நாள் விடுங்கள்.

சிக்கரி? எனக்கு டபரா செட்டில் சிக்கரி பிடிக்கும், அதில் எந்த வெட்கமும் இல்லை. ஆனால் பிரஸ்ஸில் வேண்டாம். கொழகொழவென்று மண்டி சேர்ந்து, கொட்டையின் சொந்த ருசியை மூடிவிடும்.

தூளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி, இருட்டான அலமாரியில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈரமும் ஏறும், நேற்றைய சாம்பாரும் மல்லிகைப்பூவும் காபியில் மணக்கும்.

தண்ணீர், அளவு

கப்பில் இருப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான். போர்வெல் உப்புத் தண்ணீரில் நல்ல கொட்டையும் மந்தமாகிவிடும். ஆர்ஓ மெஷின் உப்பையெல்லாம் வழித்து எடுத்துவிட்டால் அதுவும் சரிவராது, காபி வெறிச்சென்று இருக்கும். லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் உப்புகள் கரைந்திருந்தால் சரியான தண்ணீர் என்பது காபிக்காரர்கள் வைத்திருக்கும் அளவுகோல். டிடிஎஸ் மீட்டரில் 75-இலிருந்து 250 வரை காட்டினால் கவலையில்லை. ஆர்ஓ தண்ணீர் 30, 40 என்று காட்டினால் கொஞ்சம் கார்ப்பரேஷன் தண்ணீரைக் காய்ச்சிக் கலந்துகொள்ளலாம்.

சூடு 92-இலிருந்து 96 டிகிரி. தெர்மாமீட்டர் தேவையில்லை. கெட்டில் கொதித்து அணைந்ததும் அரை நிமிஷம் விட்டு ஊற்றுங்கள். கறுப்பாக வறுத்த தூள் என்றால் ஒன்றரை நிமிஷம் விடலாம். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இருப்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பும் கிடையாது. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், அப்படியே ஊற்றலாம்.

அளவு: 1 கிராம் தூளுக்கு 15 மி.லி. தண்ணீர். அதாவது 30 கிராமுக்கு 450 மி.லி. சமையலறைத் தராசு இருந்தால் பாத்திரத்தை அதன் மேலேயே வைத்து ஊற்றலாம், தண்ணீரில் 1 மி.லி. என்பது 1 கிராம்தான். தராசு இல்லாவிட்டால் மேல்மட்டமாக வழித்த ஒரு டேபிள் ஸ்பூன் கரகரத் தூள் ஏறக்குறைய 5 கிராம். ஆறு ஸ்பூன் போடுங்கள். ஆனால் ஒரு மாதம் தராசோடு போட்டுப் பாருங்கள். நேற்று அமிர்தமாக இருந்தது இன்றைக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பாதி நாள் பதில் அந்தத் தராசில்தான் இருக்கும்.

செய்முறை

500 மி.லி. பாத்திரத்துக்கு, 30 கிராம் தூள், 450 மி.லி. தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம்.

1. கொதித்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்துப் பாத்திரத்தைக் கழுவி, டம்ளர்களிலும் ஊற்றி வையுங்கள். குளிர்ந்த கிரானைட் மேடையில் கண்ணாடிப் பாத்திரத்தை நேரே வைக்காமல் மடித்த துணி ஒன்றின் மேல் வைப்பது அதன் ஆயுளுக்கு நல்லது.

2. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தூளைப் போட்டு ஒரு தட்டு தட்டிச் சமமாக்குங்கள்.

3. தண்ணீர் முழுவதையும் ஊற்றுங்கள். சொட்டுச் சொட்டாக வேண்டாம், தாராளமாகச் சுற்றி ஊற்றி எல்லாத் தூளும் நனையட்டும். கடிகாரம் இப்போது ஓட ஆரம்பிக்கட்டும். தூள் புதுசாக இருந்தால் பொங்கல் பானை மாதிரி நுரை எழும்பும். அது உள்ளே அடைபட்டிருந்த வாயு. நுரையே எழவில்லை என்றால் தூள் பழசு என்று அர்த்தம்.

4. கம்பியை மேலே இழுத்துவைத்தபடி மூடியை மேலே சும்மா வைத்துவிட்டு 4 நிமிஷம் தொடாதீர்கள்.

5. மூடியைத் திறந்தால் தூள் மேலே ஏடு கட்டி மிதக்கும். ஸ்பூனின் பின்புறத்தால் அதை மெதுவாக மூன்று முறை தள்ளிவிடுங்கள். கண்ணாடி என்றால் மர ஸ்பூன். ஏடு உடைந்த நொடியில் எழும்பும் மணத்தை மூக்கைக் குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் காபியில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். தூளில் பெரும்பகுதி தானாகவே கீழே போய்விடும். மேலே மிஞ்சும் வெளிர் நுரையையும் மிதக்கும் துணுக்குகளையும் இரண்டு ஸ்பூனால் வழித்து எடுத்துப் போட்டுவிடுங்கள்.

6. மறுபடி 5 நிமிஷம் காத்திருங்கள். பலர் தாண்டிப்போகும் இடம் இது. இவ்வளவு நேரம் ஊறினால் கசக்காதா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. கசக்காது. கரையக்கூடியதில் பெரும்பங்கு முதல் சில நிமிஷத்திலேயே கரைந்துவிடுகிறது. தண்ணீரும் ஆறிக்கொண்டே வருவதால் அதற்கப்புறம் கரைவது மெதுவாகிவிடுகிறது. இந்த 5 நிமிஷத்தில் நடப்பது வேறு: நைஸ் துகள்கள் அடியில் படிகின்றன. தோசை ஒன்று வார்க்கும் நேரம்தான். 2007-இல் உலக பாரிஸ்டா போட்டியில் (காபி போடுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கான போட்டி) ஜெயித்த ஜேம்ஸ் ஹாஃப்மன் பிரபலப்படுத்திய முறை இது. நாலு நிமிஷத்தில் அழுத்தி ஊற்றியதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்த பிறகு நான் பழைய வழிக்குத் திரும்பவில்லை.

7. மூடியைப் போட்டு, வலை காபியின் மேல்பரப்பைத் தொடும் அளவுக்கு மட்டும் கம்பியை இறக்குங்கள். அடிவரை அழுத்த வேண்டாம். அழுத்தினால் படிந்த மண்டியெல்லாம் கலங்கி மேலே வரும். கிணற்றில் வாளியைத் தடாலென்று போட்டால் தண்ணீர் கலங்குமே, அப்படி.

8. பாத்திரத்தைக் குலுக்காமல், ஒரே சாய்வில் மெதுவாக ஊற்றுங்கள். கடைசி ஒரு விரற்கடை காபியை ஆசைப்படாமல் விட்டுவிடுங்கள். மண்டி அங்கேதான் இருக்கிறது.

ஊற்றிய மிச்சத்தைப் பிரஸ்ஸிலேயே விட்டு வைக்காதீர்கள். இரண்டாவது கப் அரை மணி கழித்துத்தான் என்றால் ஃபிளாஸ்க்குக்கு மாற்றுங்கள்.

இரண்டு நிமிஷம் ஆறவிட்டுக் குடியுங்கள். வாயைச் சுடுகிற சூட்டில் எல்லாக் காபியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சரியாக வரவில்லையா?

புளிப்புத் தூக்கலாக, எலுமிச்சைத் தோலைக் கடித்த மாதிரி இருந்தால் தூளிலிருந்து இறங்க வேண்டியது இறங்கவில்லை. இன்னும் ஒரு படி சன்னமாக அரையுங்கள், அல்லது தண்ணீரைக் கொதித்தவுடனே ஊற்றுங்கள். கசந்து, நாக்கு வறண்டு, பாக்குப் போட்ட மாதிரி துவர்த்தால் நேர் எதிர்: அரைப்பைக் கரகரப்பாக்குங்கள். கசப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, வெறும் சப்பென்று இருந்தால் தூளைக் கூட்டி 1-க்கு 13 என்று வையுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அரைப்பையும் அளவையும் சூட்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

பால் வேண்டும் என்பவர்களுக்கு

பிரஸ்ஸுக்குள் பாலை ஊற்றாதீர்கள். வலையில் ஏடு ஒட்டினால் கழுவி மாளாது. 350 மி.லி. பிரஸ்ஸில் 35 கிராம் தூளுக்கு 280 மி.லி. தண்ணீர் வைத்து இதே முறையில் கெட்டியாகப் போடுங்கள். தண்ணீர் கலக்காத பாலைச் சுண்டக் காய்ச்சி, பாதிக்குப் பாதி, சர்க்கரையோடு ஒரு ஆற்று ஆற்றினால் நல்ல காபிதான். கும்பகோணம் டிகிரி காபியா என்று கேட்டால், இல்லை. ஃபில்டரில் இறங்கும் டிகாஷனின் கெட்டி இதில் வராது. அந்த ஆசை வரும் நாளில் ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள்; என் வீட்டில் காலைக்கு ஃபில்டர், சாயங்காலத்துக்கு பிரஸ் என்று சண்டையில்லாமல் ஓடுகிறது.

சித்திரை வெயிலுக்கு இன்னொன்று: 50 கிராம் கரகரத் தூளில் 400 மி.லி. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கிளறி, மூடி, ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் கோல்ட் பிரூ. 12 மணி நேரம் போதும். ஐஸும் சமமான தண்ணீரும் சேர்த்துக் குடியுங்கள்.

கழுவுவது

சிங்க்கில் தூளைக் கொட்டினால் ஒரு நாள் பிளம்பரைக் கூப்பிட வேண்டியிருக்கும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுழற்றி ஒரு பெரிய வடிகட்டியில் கொட்டி, சக்கையை உரக்குழிக்கோ மக்கும் குப்பைக்கோ போடுங்கள். கறிவேப்பிலைத் தொட்டியிலும் மண்ணோடு கலந்து தூவலாம். அப்படியே கனமாகப் பரப்பினால் காய்ந்து தகடாகித் தண்ணீரை இறங்கவிடாது.

கம்பியின் அடியில் இருக்கும் தட்டைத் திருகினால் மூன்று துண்டாகக் கழன்றுவரும்: மேலே ஸ்பிரிங் சுற்றிய தட்டு, நடுவில் வலை, கீழே ஓட்டைத் தட்டு. தினமும் கழற்ற வேண்டாம், வாரம் ஒருமுறை கழற்றிச் சமையல் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். கழற்றிய வலையை ஒருமுறை மோந்து பாருங்கள். பழைய எண்ணெய்ப் பலகார டப்பா வாசனை அடித்தால், போன வாரம் முழுக்க உங்கள் காபியில் இருந்த அந்த இனம்புரியாத கசப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். மறுபடி மாட்டும்போது ஸ்பிரிங் தட்டு மேலே, வலை நடுவே. நான் ஒருமுறை மாற்றி மாட்டிவிட்டு, கொட்டை மோசம் என்று கடைக்காரரிடம் போய் நின்றிருக்கிறேன்.